கதிர்காமத்துக்கு நடக்கும் அடுப்பு

அடுப்பைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, பழைய வேட்டியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். சோதனை போடுகிறவர் வேட்டியைப் பிரித்தார், டேங்க் மூடியைத் திருகினார், மூக்கை வைத்து ஒரே ஓர் இழுப்பு இழுத்தார். ஒரு தடவை எண்ணெய் குடித்த அடுப்பு எப்போதும் எண்ணெய்தான் என்று சொல்லித் தள்ளிவைத்தார். மலர், செழியன், நீங்கள் இரண்டு பேரும் அம்மாவோடு நாகப்பட்டினம் துறைமுக வாசலில் நின்று கையாட்டினீர்கள். அடுப்பு உங்களோடு வீட்டுக்குத் திரும்பியது. நான் வெறும் கையோடு யாழ்ப்பாணம் போனேன்.

அங்கே என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் பனங்கற்கண்டைக் கையில் கொடுத்து உங்கள் வாயை அடைத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் மலர் திருத்திக்கொள்ளட்டும்.

முதலில் உங்கள் மாமாவைப் பற்றி. அம்மா ஆறு வயதில் படகேறி நாகப்பட்டினம் பக்கம் வந்தபோது மாமா வரவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு தொண்டைமானாற்றிலேயே நின்றுவிட்டார். இன்றைக்கும் வெங்காயம்தான் போடுகிறார். அவர் மகளுக்கு உடம்பு மோசமாகி, பிழைத்து வந்தாள். அதற்காகச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமம் வரை மூன்று வருடம் நடப்பதாக மாமா நேர்ந்திருக்கிறார். கால்நடையாக ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். பன்னிரண்டு பேர் கொண்ட அவர் குழுவுக்குத் தேநீரும் கஞ்சியும் வைப்பது அவர் வேலை. போன வருடம், இரண்டாவது நடையில், காட்டுக்குள் அடுப்பு வெடித்து அவர் கை வெந்துவிட்டது. மூன்றாவது நடை மிச்சம் இருக்கிறது. மாமி விடமாட்டேன் என்கிறார்.

மாமி போனில் அம்மாவிடம் சொன்னது இதுதான். இந்தியாவிலிருந்து தம்பி வந்து ஓர் அடுப்பைத் தெரிந்தெடுத்து, தன் கையால் எரித்துப் பார்த்து, நல்லது என்று சொன்னால் அனுப்புவேன், இல்லாவிட்டால் இல்லை. தம்பி என்பது நான். இருபது வருடமாக ஸ்டவ் ரிப்பேர் பார்க்கிறவன் வேறு யார் இருக்கிறார்கள் குடும்பத்தில்?

சாதாரண அடுப்பு போதாது. வழியில் ஓர் ஊரில் மண்ணெண்ணெய் கிடைக்கும், அடுத்த ஊரில் பெட்ரோல் மட்டும்தான் இருக்கும், அதற்கடுத்து ஒரு டிராக்டர்காரர் இரங்கித் தருகிற டீசல். எது கிடைத்தாலும் எரிய வேண்டும். தோளில் தூக்கவும் முடிய வேண்டும். எல்லா எண்ணெயிலும் எரிகிற அடுப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். எல்லோருக்கும் நல்லவனாக இருக்கிற ஆளைப் போலத்தான் அதுவும்.

கப்பலில் பக்கத்திலிருந்தவர் ஓர் இஞ்சி மிட்டாய் நீட்டினார். அறிமுகமில்லாதவர் தருவதைத் தின்னக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், எப்படி வாங்குவேன்? ஒரு மணி நேரம் கழித்துக் கடல் என் குடலைப் பிடித்து உலுக்கியபோது நானே கையை நீட்டிக் கேட்டேன். அவர் சிரிக்காமல் இரண்டு தந்தார்.

காங்கேசன்துறையில் இறங்கி ஒரு மினிபஸ் பிடித்தேன். பைகளை எல்லாம் வாங்கி டிரைவர் பக்கத்தில் அடுக்குவது அங்கே வழக்கம். நான் என் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார். பிறகு, "அண்ணை, பையைத் தாங்கோ. அது எங்கை ஓடப் போகுது? பஸ்ஸே ஓடுதில்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சொன்ன வாய் மூடவில்லை, தொண்டைமானாற்றுக்கு முன்னால் பெல்ட் அறுந்து பஸ் நின்றது. இறங்கி ஒரு கடையில் பிளேன்டீ குடித்தோம். பால் கிடையாது. நம் ஊரில் இதைக் கொடுத்தால் கடையைப் பூட்டிவிடுவார்கள். ஆனால் அந்த வெயிலில் அந்தச் சிவப்புத் தண்ணீர் நன்றாகவே இறங்கியது. கிளாசின் அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன், சீனிதான்.

மாமா என்னை வாசலில் கட்டிக்கொண்டபோது அவருடைய இடது கையைத்தான் முதலில் பார்த்தேன். உள்ளங்கையும் விரல்களும் பளபளவென்று இறுகிப்போயிருந்தன. முழங்கை வரை உட்பக்கம் ஒரு பட்டை. முகத்தில் ஒன்றுமில்லை. வலது கையில் ஒன்றுமில்லை.

மாமி இடியப்பமும் சொதியும் வைத்தார். சொதி என்பது தேங்காய்ப்பாலில் செய்கிற மஞ்சள் குழம்பு. எட்டு இடியப்பம் தின்றேன். சாப்பிட்டு முடித்ததும் வெடித்த அடுப்பைக் காட்டச் சொன்னேன். கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார்கள். நம் கடைக்கு வருகிறதே, அதே மாதிரியான பித்தளை பம்ப் ஸ்டவ். அதை மடியில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தேன். டேங்க் வயிற்றில் கீறல் இல்லை. ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம் பிரியவில்லை. பம்ப் அடித்துத் தண்ணீரில் முக்கினேன், ஒரு குமிழி வரவில்லை.

பிள்ளைகளே, வெடித்த அடுப்பை நான் பார்த்திருக்கிறேன். அது பூவிதழ் மாதிரி விரிந்துகிடக்கும். இது வெடிக்கவேயில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமா பொய் சொல்கிறாரா? எதற்கு? காட்டில் வேறு யாருடனாவது சண்டையா? குடித்திருந்தாரா? விரதம் இருக்கிறவர் குடிப்பாரா? பக்கத்து வீட்டில் ரேடியோ ஓய்ந்த பிறகும் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் மாமாவின் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனோம். பெரிய பாத்திரக் கடை. கடைக்காரர் பெட்டியோடு ஓர் அடுப்பை வைத்தார். மூன்று மடக்குக் கால், சிவப்பு எண்ணெய்ப் போத்தல், நடுவில் ஒரு குழாய். பெட்டியில் எல்லா எண்ணெய்க்கும் படம் போட்டிருந்தது, சமையல் எண்ணெய் உட்பட. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. எண்ணெய் வெளியே வருகிற சிறு துளை இருக்கிறதே, அதை நம் கடையில் நிப்பிள் என்போம். பெட்ரோலுக்கு ஓர் அளவு, மண்ணெண்ணெய்க்கு அதைவிடச் சிறியது, டீசலுக்கு இன்னும் சிறியது. இந்தப் பெட்டியில் ஒரே ஒரு நிப்பிள்தான் இருந்தது. எரித்துக் காட்டச் சொன்னேன். எரித்தால் பழசாகிவிடும், பிறகு யார் வாங்குவார்கள் என்றார் கடைக்காரர். அது நியாயம்தான். ஆனாலும் நான் பெட்டியை விடவில்லை. முகர்ந்தேன், நிப்பிளை வெளிச்சத்தில் பிடித்தேன், வாசரை நகத்தால் கீறினேன்.

பக்கத்தில் பானை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சிங்களத்தில் தன் கணவரிடம் ஏதோ முணுமுணுத்தார். என்ன சொன்னார் என்று மாமாவிடம் கேட்டேன். மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இந்த மனுசன்ரை முகத்தைப் பாத்தால் கடைக்கு நெருப்பு வைக்க வந்தவர் மாதிரிக் கிடக்காம்."

அந்த அடுப்பு வேண்டாம் என்று கிளம்பினோம். மானிப்பாயில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் அடுப்பும் பார்ப்பார் என்று மாமா அழைத்துப் போனார். அவரிடம் பழைய சாமான்தான் இருந்தது. ஆனால் கடைச் சுவரில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘எந்த எண்ணெயிலும் எரியும் குக்கர் விற்பனைக்கு. விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் வரவும்.’ அங்கே அடுப்புக்குக் குக்கர் என்று பெயர். கீழே கொக்குவில் விலாசம். தெரிந்தவர்கள் மட்டும் என்று போட்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகமாகவும் இருந்தது.

றொட்டியும் தேநீரும் முடித்துவிட்டு வந்தால் மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை. மாமா உதைத்தார், உதைத்தார். பெட்ரோலில் கலப்படம், எங்கே போட்டீர்கள் என்று நான் விசாரணை தொடங்கினேன். அவர் சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் உயரத்தில் ஒரு மருந்துப் போத்தலை எடுத்தார். மூடியில் ஓட்டை போட்டு, சேலைன் குழாய்த் துண்டு ஒன்று செருகி, அதன் நுனியைத் தக்கையால் அடைத்திருந்தது. கார்புரேட்டரில் இரண்டு சொட்டு விட்டார். ஓர் உதையில் வண்டி உறுமியது.

"தடைக் காலத்துப் பழக்கம் மச்சான்," என்றார். "ஒரு சொட்டு எல்லாத்தையும் எழுப்பும்."

போகிற வழியில் அதைப் பற்றிச் சொன்னார். சண்டை நடந்த வருடங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெட்ரோலை விடவில்லையாம். எல்லா மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடியதாம். மண்ணெண்ணெய் லேசில் பற்றாது. அதனால் எங்கேயாவது ஒளித்துவைத்த பெட்ரோலை இப்படிச் சின்னப் போத்தலில் வைத்துக்கொண்டு, இரண்டு சொட்டு விட்டுக் கிளப்புவார்களாம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற இறைப்பு மிஷினுக்கும் அப்படித்தான். நல்ல யோசனை என்று மெச்சிக்கொண்டே வந்தேன். இருபது வருடம் அடுப்போடு கிடந்த எனக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை பாருங்கள்.

கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் உயரமான மதில், இரும்பு கேட். தட்டியதும் முதலில் நாய் வந்தது, பிறகு ஒரு ஜோடிக் கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் சைக்கிளில் இலங்கை சுற்றிவிட்டு விட்டுப்போன அடுப்பாம் அது. கேட்டைத் திறக்காமல் கேள்வி கேட்டார். எந்த ஊர், என்ன வேலை, யாருக்கு அடுப்பு, எதற்கு. நான் சந்தேகப்படுவதற்குச் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை, முழுச் சந்தேகத்தையும் அவரே எடுத்துக்கொண்டார்.

"கன பேர் வந்தவை," என்றார் டீச்சர். "ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. நீர் கழட்டிப் பூட்டிக் காட்டும், பிறகு பாப்பம்."

முற்றத்தில் ஒரு பழைய பேப்பரை விரித்து அடுப்பை வைத்தார். நான் பிரித்தேன். மூன்று நிப்பிளும் தனித்தனியாகத் தாளில் மடித்து, எது எதற்கு என்று அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. பம்ப்பின் தோல் வாசர் காய்ந்து சுருங்கியிருந்தது. தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கித் தடவி, விரலால் உருட்டி உருட்டி உயிர் கொடுத்தேன். டீச்சர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு திருகாணியை நான் காதில் செருகிக்கொண்டு தேடியபோது, "காதைப் பாரும்" என்றார்.

திருப்பிப் பூட்டியதும் ஸ்பிரிட் கொண்டுவந்தார். பர்னருக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினால் குழாய் சூடாகி, உள்ளே வருகிற எண்ணெய் ஆவியாகி எரியும். அடுப்பு நீல நிறத்தில் இரைந்தது. கால் மணி நேரம் ஆடாமல் எரிந்தது. நான் குறை தேடினேன். கிடைக்கவில்லை.

காசைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பையில் வைக்கும்போது டீச்சர் மாமாவின் கையைப் பிடித்துத் திருப்பினார். "உது எப்பிடி?"

குக்கர் வெடித்தது என்றார் மாமா.

டீச்சர் என்னைப் பார்த்தார். "வெடிச்ச கை உப்பிடி இராது. உது எதையோ பிடிச்சுக்கொண்டு நிண்ட கை."

மாமா கையை இழுத்துக்கொண்டார். வெளியே போய் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

மூன்றாம் நாள் காலை முற்றத்தில் சோதனை. மாமி கிணற்றடியில் வெங்காயத்தாள் கழுவிக்கொண்டே எங்களைக் கண்காணித்தார். மண்ணெண்ணெயில் தொடங்கினேன். நன்றாக எரிந்தது. தேநீர் கொதிக்கிற நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து அணைத்துவிட்டது. சரி, இந்தச் சமயத்திலேயே டீசல் நிப்பிளை மாற்றிவிடலாம் என்று தாள் பொட்டலத்தை எடுக்கத் திரும்பினேன்.

பின்னால் ஒரு சின்னச் சத்தம். பல்லால் தக்கையை இழுக்கும் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். மாமா அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். வலது கை பம்ப்பில். இடது உள்ளங்கைக்குள் அந்தச் சின்னப் போத்தல். குழாயைச் சூடான கிண்ணத்துக்கு மேலே சாய்த்துக்கொண்டிருந்தார். அவர் யோசித்துச் செய்யவில்லை. நாம் கொசு கடித்தால் சொறிவது மாதிரி, கை தானாகப் போய்க்கொண்டிருந்தது.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுங்கோ மச்சான். ஒரு சொட்டுத்தான்."

விடவில்லை. போத்தலைப் பிடுங்கித் தூரத்து வேலிக் கட்டையில் வைத்துவிட்டு வந்தேன். தண்ணீரில் விரலை நனைத்து, கிண்ணத்தின் மேல் ஒரு துளி விட்டேன். ‘சுர்’ என்று துள்ளி மறைந்தது. தண்ணீருக்கே இந்தக் கதி என்றால் பெட்ரோல் எப்படித் தீயாகக் கிளம்பும், குழாய் வழியாக உங்கள் கைக்குள் எப்படி ஏறும் என்று கேட்டேன். பிள்ளைகளே, நீங்கள் இருவரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. கேட்கிறதா செழியன்?

மாமா தன் இடது கையை விரித்து வெகு நேரம் பார்த்தார். காட்டிலும் காற்றில்தான் அணைந்ததாம். இப்படித்தான் குந்தினாராம். பிறகு பெரிய வெளிச்சம், அவ்வளவுதான் நினைவு.

"அப்ப குக்கர் வெடிக்கேல்லையோ?"

இல்லை என்றேன். அவர் பொய் சொல்லவில்லை, பிள்ளைகளே. அடுப்பு வெடித்ததென்று அவரே நம்பியிருந்தார். நான் கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன், பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன், மாமாவின் வாயைச் சந்தேகப்பட்டேன். அவர் சட்டைப்பையை மட்டும் விட்டுவிட்டேன். அதைப் பார்த்து மெச்சிக்கூடத் தொலைத்தேன்.

மாமா கிணற்றடியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவளிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் என்னை விடமாட்டாள், நேர்த்தி பாதியில் நிற்கும் என்றார். அடுப்பு நல்லது என்று மட்டும் சொன்னால் போதுமாம். அது பொய்யும் இல்லை. அடுப்பு நல்லதுதான்.

எனக்கு அது சரிப்படவில்லை. மாமி கேட்டது அடுப்பைப் பற்றி அல்ல, இவர் முழுசாகத் திரும்பி வருவாரா என்றுதான். அடுப்பைப் பற்றி நான் சொல்கிறேன், கையைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். மாமா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து கிணற்றடிக்குப் போனார். நான் அடுப்பைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன்.

மாமி கேட்டு முடிக்கும்வரை வெங்காயத்தாளை விடவில்லை. பிறகு அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"போன முறை அந்தப் போத்தலை நிரப்பிப் பைக்குள்ளை வச்சது நான்தானே."

கை கழுவிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு போத்தல்கள். ஒன்று இறைப்பு மிஷினுக்கு, மற்றது அடுக்களையில் விறகு மூட்டுவதற்கு. வேலிக் கட்டையிலிருந்த மூன்றாவதையும் எடுத்து, மூன்றையும் முற்றத்தில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் அதே குழாய், அதே ஓட்டை. எல்லோரும் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த வீட்டில் இத்தனை காலம் அது எப்போதும் கைக்கெட்டுகிற உப்புச் சிரட்டை மாதிரி இருந்திருக்கிறது.

மிஷின் போத்தலைத் தானே வைத்திருப்பதாகவும், தோட்டத்துக்குத் தானே வந்து ஊற்றுவதாகவும் மாமி சொன்னார். அடுக்களைப் போத்தலை அப்போதே மண்ணில் கவிழ்த்தார். மாமாவின் போத்தலை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதைக் கடலுக்கு அங்காலை கொண்டு போங்கோ. இஞ்சை இருந்தால் அந்தக் கை தேடிப் போகும்."

"அப்ப நான் நடக்கலாமோ?" என்று மாமா கேட்டார்.

"ஸ்பிரிட் நான் வாங்கித் தாறன்," என்றார் மாமி. மாமா என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

அன்று பெட்ரோலிலும் டீசலிலும் எரித்துப் பார்த்து முடித்தோம். அணைந்தால் என்ன செய்வது என்று மாமாவை இருபது முறையாவது சொல்ல வைத்தேன். ஈர விரலால் ஒரு துளி தெளிக்க வேண்டும். ‘சுர்’ என்றால் கையை எடு. சத்தம் வராமல் துளி அப்படியே நின்றால்தான் ஸ்பிரிட். கடைசியில் அவரே எரிச்சலாகி, நீங்கள் ரிப்பேர்காரரா வாத்தியாரா என்று கேட்டார்.

நான்காம் நாள் காங்கேசன்துறையில் என் பையைத் திறந்தார்கள். மாமியின் முறுக்கையும் கற்கண்டையும் தள்ளி, அடியிலிருந்து ஓர் அதிகாரி அந்தப் போத்தலை எடுத்தார். கழுவித்தான் வைத்திருந்தேன். முகர்ந்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். இதில் என்ன இருந்தது, காலிப் போத்தலை எதற்குக் கடல் கடத்துகிறாய் என்று கேட்கிறார் என்றார் பக்கத்திலிருந்த தமிழ் அதிகாரி. ஒரு கூட்டமே என்னைப் பார்த்தது. கடையில் அந்தப் பெண் பார்த்தாரே, அதே பார்வை. சந்தேகப்படுகிறவனுக்குச் சந்தேகப்படுகிறவர்களின் கண் நன்றாகத் தெரியும்.

உண்மையைச் சொன்னேன். என் மச்சான் கையில் இது இருக்கக் கூடாது, அதற்காக எடுத்துப் போகிறேன்.

தமிழ் அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். போத்தலை வாங்கி, குழாயை விரலால் தடவினார். மற்றவரிடம் சிங்களத்தில் கொஞ்ச நேரம் விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்கடை வீட்டிலையும் ஒண்டு கிடக்கு."

வேறொன்றும் கேட்கவில்லை. போத்தலைக் குப்பைத் தொட்டியில் போட்டார். போடுவதற்கு முன் குழாயை உருவித் தனியாகப் போட்டார். நான் கப்பலேறினேன். பக்கத்திலிருந்தவருக்கு ஒரு முறுக்கு நீட்டினேன். அவர் வேண்டாம் என்றார். நல்ல மனிதர்.

இது நடந்து நாற்பது நாளுக்கு மேல் ஆன பிறகுதான் போன வெள்ளிக்கிழமை அந்தப் போன் வந்தது. நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். மாமா கதிர்காமத்துக்கு முந்தின உகந்தை முருகன் கோயிலிலிருந்து பேசினார். அதற்கப்புறம் காடு. பின்னால் ‘அரோகரா’ சத்தம், யாரோ தேநீர் கேட்டு நச்சரிக்கும் சத்தம். அடுப்பு எப்படி என்றேன். நன்றாக எரிகிறது, இப்போதுதான் காற்றில் அணைந்தது என்றார். அங்கே யாரிடமாவது கேட்டு இன்னொரு போத்தல் வாங்கிவிட்டாரோ? நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆறுதோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். சும்மா இருந்தால் இந்தக் கை எங்கையாவது போகும் மச்சான். அதுதான் போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

அப்படியே நாங்கள் வெங்காய விலையைப் பற்றியும் உங்கள் இருவரின் படிப்பைப் பற்றியும் பேசினோம். நடுவில் ஒரு தரம் ‘சுர்’ என்று கேட்டது. பேச்சைத் தொடர்ந்தோம். பிறகு, இன்னொரு துளி விடுகிறேன் என்றார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை.

"சரி," என்றார் மாமா, "வைக்கிறன்."